பதினேழாம் கேள்வி

ஒமாகாவில்
ஒரு பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில்
பதினான்கு தொலைபேசிகள்.
என்னுடையது ஜன்னலோரம்.
ஐந்திலிருந்து ஒன்பதுவரை,
ஜனங்கள் சாப்பிட உட்காரும் நேரமாகப் பார்த்து
நெப்ராஸ்காவைக் கூப்பிடுவது என் வேலை.

பதினேழாம் கேள்வி போர்.
நம் படைகள் அங்கே போனது சரியா, தவறா?
அங்கே என்பது ஒரு நாட்டின் பெயர்.
சொல்லும் விதத்தை
அசை பிரித்து ஓரத்தில் அச்சடித்திருப்பார்கள்.
இரண்டு வாரத்தில் நாக்குக்குப் பழகிவிடும்.
பிறகு வேறு நாடு வரும்.

கர்னியில் வெர்னான் ஹ்லாட்கி,
டிராக்டர் உதிரிபாகம் விற்பவர்.
முதல் போருக்கு, நான் கேட்டு முடிப்பதற்குள்,
"முழுக்கச் சரி."
ஆறு வருடம் கழித்து,
நடுவில் ஒரு தேர்தல் வந்துபோன பிறகு
இரண்டாம் போருக்கு,
"அடுத்தவன் வீட்டுச் சண்டையில்
நமக்கென்னம்மா வேலை?"
அதே குரல். பின்னால் ஏதோ நாய்.

லிங்கனில் மார்செலா ஓஸ்ட்ரைக், பள்ளி நூலகர்.
முதல் போரின்போது
சட்டமன்றப் படிகளில், பனியில்,
மெழுகுவத்தி பிடித்து நின்றதாகச் சொன்னவர்.
எழுத இடமில்லாமல்
தாளின் பின்பக்கம் திருப்பி எழுதினேன்.
இப்போது,
"சிக்கலான விஷயம். சில நேரம் வேறு வழி இருக்காது."
ஒரே வரியில் அடங்கிவிட்டது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை.
எண்பதாம் நெடுஞ்சாலையில்
ஏதோ ஒரு பெட்ரோல் பங்கில்
வண்டி மாற்றி ஏற்றிவிட்டார்கள்போல.
அவர் பதில் இவர் வீட்டில்
இவர் பதில் அவர் வீட்டில்.
யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

இந்த முறை இரண்டு விதமான தாள்.
ஒன்றில் ஜனாதிபதி பெயர் உண்டு
மற்றதில் இல்லை.
பெயரில்லாத தாளில்தான் தடங்கல்.
நார்த் பிளாட்டில் ஒருவர் கேட்டார்:
"யார் அனுப்பினது? அதை முதல்ல சொல்லுங்க.
அப்புறம் நான் என்ன நினைக்கிறேன்னு சொல்றேன்."
அவர் சிரிக்கவில்லை.
கேள்வியை மறுபடி அப்படியே வாசிக்க வேண்டும்,
அதுதான் விதி. வாசித்தேன்.
தட்டில் முள்கரண்டி உரசும் சத்தம்.
தெரியாது என்ற கட்டத்தில் குறியிட்டேன்.

உடைந்தது மண்குடமா பொன்குடமா
உடைத்த கையைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள்.
கொட்டிய தண்ணீரைப் பற்றிக் கேட்க
எங்கள் தாளில் கேள்வி இல்லை.

ஸ்காட்ஸ்பிளஃபில் ஐயோன் புரூயிட், எண்பத்தொன்று.
இரண்டு போருக்கும் தவறு என்றவர்.
எனக்கு நாற்காலியில் நிமிர்ந்து உட்காரத் தோன்றியது.
ஏன் என்று கேட்டேன்,
தாளில் இல்லாத கேள்வி, வேலை போகிற குற்றம்.
"அந்த ரெண்டு பேருக்குமே
நான் ஓட்டுப் போடலையே" என்றார்.

போன மாதம் அலமாரியைக் காலி செய்தோம்.
பயிற்சிக் காலத்தில்
நாங்கள் ஒருவரை ஒருவர் கேட்டுப் பழகிய தாள்கள்
ரப்பர் பேண்டு இற்றுப்போய்க் கிடந்தன.
பெயர்: கொரின் வாசெக். வயது: இருபத்துநான்கு.
பதினேழாம் கேள்விக்கு
"முழுக்கச் சரி."

நான் அந்தப் போரை
ஆரம்பத்திலிருந்தே எதிர்த்தவள்.
கல்யாணத்துக்கு முன்பே கணவரிடம் சொல்லியிருக்கிறேன்.
பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன்.
ஒரு நன்றி நாள் விருந்தில்
என் மைத்துனன் வான்கோழியை அப்படியே விட்டு
எழுந்து போகிற அளவுக்குச் சொல்லியிருக்கிறேன்.

யாரோ என் பெயரில் என்று நினைக்கப் பார்த்தேன்.
பக்கத்து இருக்கை டெல்ஃபினின் கையெழுத்து.
கேட்டதைக் கேட்டபடி எழுதுகிறவள்.
இன்றைக்கும் தப்பு விடமாட்டாள்.

தாளைக் கிழிக்கவில்லை.
வீட்டுக்கும் கொண்டுபோகவில்லை.
மற்றவற்றோடு பெட்டியில் போட்டேன்.

திங்கட்கிழமை புதிய கட்டு வந்தது.
புதிய நாடு.
கண் அதன்மேல் நிற்கவில்லை.
பெயர் போட்ட தாளா, போடாத தாளா என்று
கீழே ஓடித் தேடிவிட்டுத்தான்
மேலே வந்தது.

நான்கு அசை.
இரண்டாவதை அழுத்த வேண்டுமாம்.
ஜன்னலைப் பார்த்து மூன்று முறை சொல்லிப் பார்த்துவிட்டு
முதல் எண்ணைச் சுழற்றினேன்.
யாரோ வாயில் சோற்றோடு
ஹலோ என்றார்கள்.